பர் துபாயின் ஒளிப்படக் கதைகள்: கைதட்டலுக்கு முன் கருத்துரை வேண்டும்

சொந்த மண்ணைப் பிரிந்து வாழும் ஒரு சமூகம் தன் வாழ்வைத் தானே பதிவு செய்யத் தவறுமாயின், அதனைப் பிறர் தம் விருப்பப்படி பதிவு செய்வர். அல்லது அது எவராலும் பதிவு செய்யப்படாமலே மறைந்துபோகும். வளைகுடா நாடுகளில் வாழும் தமிழரைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்து வருகின்றன.

துபாய் கிரீக் எனப்படும் கடற்கழியின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது பர் துபாய். ஒரு திர்ஹம் கொடுத்து ஆப்ரா படகேறி எதிர்க்கரையான தேராவுக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்றவர்கள், துணிச்சந்தையில் கணக்கெழுதியவர்கள், மீனா பஜாரில் தையல் இயந்திரத்தின் முன் இரவைக் கழித்தவர்கள், ஓர் அறையில் பலருடன் ‘பெட் ஸ்பேஸ்’ எடுத்துத் தங்கிப் பின்னர் கராமாவில் வீடு பிடித்து மனைவி மக்களை அழைத்து வந்தவர்கள் எனத் தமிழர் பலரின் உழைப்பு அத்தெருக்களில் கலந்துள்ளது. கீழக்கரையைச் சேர்ந்த பி.எஸ். அப்துர் ரகுமான் 1970களில் துபாயில் வளர்த்தெடுத்த ஈ.டி.ஏ. நிறுவனத்தின் வழியாக மட்டும் இராமநாதபுரம் மாவட்டத்தின் எத்தனையோ குடும்பங்கள் அமீரகத்தை அறிந்தன.

இக்குடும்பங்களிடம் ஒளிப்படங்கள் இல்லாமல் இல்லை. அலமாரியில் பழைய ஆல்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்துள்ளன. படங்கள் பெருகிக் கிடக்கின்றன. அவற்றைக் கோத்துச் சொல்லும் கதைதான் இல்லை. ஒளிப்படக் கதை என்பது ஒரு பொருளைப் பற்றிய பத்து, இருபது அல்லது முப்பது படங்களைத் தேர்ந்து, பொருள் விளங்குமாறு வரிசைப்படுத்தி, சிறு குறிப்புகளுடன் அமைப்பதாகும். அமீரகத் தமிழ் இளையோர் இதில் ஈடுபட வேண்டும் என்று கூறுவது மட்டும் போதாது. அவ்வாறு உருவாகும் கதை முடிவுறுவதற்கு முன்னரே, பெற்றோரும் முதியோரும் படத்தில் இடம்பெற்றோரும் கூடிய சிற்றவையில் வைக்கப்பட்டு, அவர்தம் கருத்துரையால் திருத்தம் பெற வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

காலம் காத்திருப்பதில்லை

கனடாவிலோ பிரான்சிலோ குடியேறிய தமிழருக்கும் வளைகுடாத் தமிழருக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. முன்னவர் அந்நாட்டுக் குடிமக்களாகி, அங்கேயே பேரப்பிள்ளைகளைக் காண்கின்றனர். வளைகுடாவில் பெரும்பாலோரின் வாழ்வு வேலையோடு பிணைந்த வதிவிட விசாவில் தொங்குகிறது. 2019இல் அறிமுகமான கோல்டன் விசாவும், மகன்களைப் பெற்றோர் 25 வயது வரை தம் பொறுப்பில் வைத்திருக்க வழிசெய்த 2022ஆம் ஆண்டு விதிமாற்றமும் சிலருக்கு ஆறுதல் அளித்துள்ளன. எனினும் அவையும் கெடு வைத்த அனுமதிகளே. முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை ஒரு மாதத்தில் காலி செய்து ஊர் திரும்பும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். அவ்வாறு திரும்புவோருடன் அவர்களது நினைவும் விமானம் ஏறிவிடுகிறது.

மனிதர் மட்டுமன்றி இடங்களும் மாறுகின்றன. பர் துபாயின் குறுகிய சந்தில் அறுபதாண்டுகளுக்கும் மேலாக இயங்கிய சிவன் கோயிலும் அதனோடு இணைந்த குரு தர்பாரும் 2024 சனவரியில் ஜெபல் அலிக்கு இடம் மாறின. புதிய கோயில் விசாலமானது, நெரிசல் இல்லாதது. ஆயினும் அலுவலகம் முடிந்து ஆப்ராவில் வந்திறங்கி, அச்சந்தில் பூச்சரம் வாங்கிக்கொண்டு, செருப்புக் குவியலுக்கிடையே வழிதேடிப் படியேறிய அந்த மாலை நேரம் இனித் திரும்பப் போவதில்லை. அதனை எத்தனை குடும்பங்கள் படமெடுத்து வைத்துள்ளன? அருகிலுள்ள பஸ்தகியா குடியிருப்பின் காற்றுக்கோபுர வீடுகள் 1980களின் இறுதியில் இடிபடாமல் காப்பாற்றப்பட்டமைக்கு, அவற்றின் மதிப்பை உணர்ந்து சிலர் உரிய காலத்தில் குரல் கொடுத்ததே காரணம். கட்டடத்துக்குக் குரல் கொடுக்க ஆளிருந்தது. அங்கு வாழ்ந்தோரின் நினைவுக்கு அவரவர் பிள்ளைகளே குரல் கொடுத்தாக வேண்டும்.

இருவகைப் படங்கள், இருவகைக் குறைகள்

வளைகுடாத் தமிழர் வாழ்வைக் காட்டும் படங்கள் இன்று பெரும்பாலும் இருவகையில் அடங்குகின்றன. முதல்வகை, குடும்பங்கள் ஊருக்கு அனுப்பிய படங்கள். புதுச் சட்டையணிந்து, யாருடைய காரிலோ சாய்ந்து நின்று, பின்னணியில் வானுயர்ந்த கட்டடம் தெரியச் சிரிக்கும் படங்கள் அவை. ஊரிலுள்ள தாய் கவலைப்படக்கூடாது, கடன் கொடுத்தவர் ஐயுறக்கூடாது என்பதற்காக எடுக்கப்பட்டவை. இரண்டாம் வகை, செய்தித்தாள்களும் வெளிநாட்டு ஒளிப்படக் கலைஞர்களும் எடுத்தவை. நீலச் சீருடை, தொழிலாளர் முகாம், வியர்வை வழியும் முகம், பெயரற்ற கூட்டம் என்பன அவற்றின் அடையாளங்கள்.

முதல்வகையில் துன்பம் இல்லை. இரண்டாம் வகையில் மனிதர் இல்லை. இரண்டும் பொய்யல்ல, ஆனால் இரண்டும் முழுமையல்ல. இவ்விரண்டுக்கும் இடையில்தான் பர் துபாயின் உண்மை வாழ்வு நடந்துள்ளது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. 1971 திசம்பர் 2ஆம் நாள் அமீரகம் பிறந்தபோது ஆட்சியாளர்கள் கொடிக்கம்பத்தின் கீழ் கூடி நின்ற புகழ்பெற்ற காட்சியைப் படமெடுத்தவர், 1965இல் இந்தியாவிலிருந்து வந்த ரமேஷ் சுக்லா ஆவார். குவாதரில் பிறந்து 1958இல் துபாய் வந்த நூர் அலி ரசீத், ஆட்சியாளர் குடும்பங்களின் ஒளிப்படக் கலைஞராக விளங்கினார். ஒரு நாட்டின் பிறப்பையே பதிவு செய்தவை புலம்பெயர்ந்து வந்தோரின் கண்கள். அதே புலம்பெயர்ந்தோரின் அன்றாட வாழ்வோ தலைப்பும் குறிப்பும் இன்றி ஆல்பங்களில் மங்கிக்கொண்டிருக்கிறது.

ஹார்லம் தரும் எச்சரிக்கை

சமூகம் ஒன்றின் படம் அரைகுறையாகும் சிக்கலை நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லம் பகுதி எண்பதாண்டுகளுக்கு முன்னரே சந்தித்தது. 1936இல் தொடங்கிய ‘போட்டோ லீக்’ என்னும் ஒளிப்படக் கலைஞர் கழகத்தில், ஆரன் சிஸ்கிண்டின் தலைமையில் ஒரு குழு ‘ஹார்லம் ஆவணம்’ என்ற ஒளிப்படத் திட்டத்தைச் சில ஆண்டுகள் நடத்தியது. உறுப்பினர்கள் படமெடுப்பர், கூடியமர்ந்து ஒருவர் படத்தை மற்றவர் விமரிசிப்பர், விடுபட்டவற்றைப் பட்டியலிட்டு மீண்டும் செல்வர். குழுவாகக் கருத்துரைத்து ஒளிப்படக் கதையை வளர்த்தெடுக்கும் முறைக்கு அது ஒரு முன்னோடி எனலாம்.

ஆயினும் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. ஹார்லமின் வாழ்வை நன்கறிந்த கறுப்பின எழுத்தாளர் ஒருவர் ஆய்விலும் எழுத்திலும் துணைநின்றார் எனினும், படமெடுத்தோர் அப்பகுதிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். படங்களில் வறுமை மேலோங்கியது. அங்கு நிகழ்ந்த நல்லன பலவற்றைத் தம் குழு காட்டவில்லை என்றும், எனவே ஹார்லமின் முழுத் தோற்றம் அதில் இல்லை என்றும் சிஸ்கிண்டே முதுமையில் ஒப்புக்கொண்டார்.

அதே காலத்தில் அதே தெருக்களில் ஜேம்ஸ் வான் டெர் ஜீ என்னும் கறுப்பினக் கலைஞர் ஒளிப்பட நிலையம் நடத்தி வந்தார். திருமணம், பட்டமளிப்பு, புத்தாடை அணிந்த குடும்பம் என மக்கள் தம்மை எவ்வாறு காண விரும்பினரோ அவ்வாறே அவர் படமெடுத்தார். அவரது பணி பரவலாக அறியப்பட்டது 1969இல் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்குப் பின்னரே. சிஸ்கிண்டின் படத்தில் இல்லாத பெருமிதம் வான் டெர் ஜீயிடம் இருந்தது. வான் டெர் ஜீயின் படத்தில் இல்லாத வாடகைச் சுமை சிஸ்கிண்டிடம் இருந்தது. இவ்விரு தொகுப்புகளும் ஒரே மேசையில் வைக்கப்பட்டு, ஹார்லத்து மக்கள் சுற்றி அமர்ந்து பேசியிருந்தால் எத்தகைய கதை உருவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பர் துபாய்த் தமிழருக்கு அவ்வாய்ப்பு இன்னும் கைநழுவிப் போகவில்லை.

அவையில் யார் அமர்வது?

கருத்துரைக்கும் குழு இருந்தால் மட்டும் போதாது. அக்குழுவில் யார் அமர்கின்றனர் என்பதே முதன்மையானது. இதனை உணர்த்திய முயற்சி 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் நிகழ்ந்தது. கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகிய இருவரும் 62 உழவர் பெண்களுக்குக் கேமராக்களை வழங்கி, தம் அன்றாட வாழ்வைத் தாமே படமெடுக்கச் செய்தனர். பின்னர் அப்பெண்கள் கூடி, தம் படங்களைத் தாமே தேர்ந்தெடுத்து, அவற்றைப் பற்றிப் பேசினர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றி வயலுக்குத் தூக்கிச் செல்லும் தாயின் நிலை போன்றவை அப்பேச்சில் வெளிப்பட்டு அதிகாரிகளின் கவனத்தையும் எட்டின. ‘போட்டோவாய்ஸ்’ என்று பெயர்பெற்ற இம்முறை பின்னர் உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது.

இம்முறையில் ஒவ்வொரு படத்தின் முன்னும் கேட்கப்படும் வினாக்கள் எளியவை. இப்படத்தில் காண்பது என்ன? உண்மையில் அங்கு நடப்பது என்ன? அது நம் வாழ்வோடு எவ்வாறு தொடர்புடையது? இந்நிலை ஏன் நிலவுகிறது? இது குறித்து என்ன செய்யலாம்? இவற்றில் ‘படம் அழகாக உள்ளதா?’ என்ற வினா இல்லாமை கவனிக்கத்தக்கது.

தமிழகத்திலும் இத்தகைய எண்ணம் வேரூன்றி வருகிறது. மதுரை மண்ணிலிருந்து வந்த ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார், உழைக்கும் மக்களின் வாழ்வைப் படமெடுத்து 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதின் முதல் பெறுநரானார். அவர் தம் பணியோடு நின்றுவிடாமல், தூய்மைப் பணியாளர், மீனவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கேமராவைப் பழக்கி வருகிறார். தம் தெருவைத் தாமே படமெடுக்கும் பிள்ளைகளிடம் வெளியாள் கேட்கத் தெரியாத வினாக்கள் பிறக்கும் என்பதே இதன் அடிப்படை.

அமீரகத்திலேயே சிறந்த சான்று ஒன்றுண்டு. அபுதாபியில் உள்ள சயீத் பல்கலைக்கழகத்தில் மிசேல் பாம்ப்ளிங் என்னும் பேராசிரியர் நடத்திய வகுப்பில், அமீரக மாணவியர் தம் வீட்டு ஆல்பங்களிலிருந்து படங்களைத் திரட்டி, அவற்றின் பின்னணியைப் பாட்டன் பாட்டியரிடம் கேட்டறிந்தனர். வகுப்பறையில் தொடங்கிய அப்பணி ‘மறந்துவிடாதிருக்க’ என்னும் பொருள்படும் பெயருடன் ஆவணக் காப்பகமாகவும் நூலாகவும் வளர்ந்தது. அம்மண்ணின் மைந்தர்களே தம் ஆல்பங்கள் மறைந்துவிடக்கூடும் என்று அஞ்சிச் செயற்பட்டிருக்கையில், விசா முடிந்தால் வெளியேற வேண்டிய தமிழர் வாளாவிருத்தல் தகுமா? துபாயின் அல் கூஸ் பகுதியில் கல்ஃப் போட்டோ பிளஸ் என்னும் நிலையம் பயிற்சிகளையும், கலைஞர்கள் தம் படத்தொகுப்புகளைத் திரையிட்டுப் பேசும் மாலைகளையும் பல ஆண்டுகளாக நடத்தி வந்துள்ளது. கற்க விரும்பும் இளையோருக்கு வழி இல்லாமல் இல்லை.

அரங்கேற்றம் என்னும் மரபு

படைப்பை அவையில் வைத்துக் குறை கேட்பது மேலைநாட்டு வழக்கம் என்று சிலர் எண்ணக்கூடும். அது தமிழ் மரபை மறந்ததன் விளைவே. அரங்கேற்றம் என்பதன் பழைய பொருள், நூலைக் கற்றோர் அவையில் படித்து, எழுப்பப்படும் தடைகளுக்கு விடை கூறி, அவையின் ஏற்பைப் பெறுவதாகும். கம்பர் திருவரங்கத்தில் தம் காப்பியத்தை அரங்கேற்றியபோது தடைகள் எழுந்ததாகவே மரபுக்கதை கூறுகிறது. இறைவனின் பாட்டிலும் குற்றம் கண்ட நக்கீரனைத் தமிழ்ச் சமூகம் இன்றும் போற்றுகிறது. அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் வகுத்ததும் அவையின் மதிப்பை உணர்ந்தே.

இன்று புலம்பெயர்ந்த சூழலில் அரங்கேற்றம் என்ற சொல் பெரும்பாலும் மண்டபம், மலர்மாலை, சிறப்பு விருந்தினர், கைதட்டல் என்று சுருங்கிவிட்டது. பிள்ளை எதனைச் செய்தாலும் ‘அருமை’ என்று கூறி முடித்துவிடும் பழக்கம் பெற்றோரிடையே பரவியுள்ளது. அன்பினால் செய்யப்படும் இப்பாராட்டு, பிள்ளையை அடுத்த படிக்கு நகர்த்துவதில்லை. தன் படத்தை ஒருவர் பத்து நிமிடம் உற்றுப் பார்த்து, ‘இது எனக்கு விளங்கவில்லை’ என்று கூறுவது, நூறு கைதட்டல்களை விடப் பெரிய மரியாதை என்பதை இளையோர் உணர வேண்டும்.

ஒரு கதை வளரும் விதம்

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். கீழக்கரையிலிருந்து வந்து பர் துபாய்த் துணி நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரியும் ஒருவரின் மகள், ‘வாப்பாவின் துபாய்’ என்ற தலைப்பில் நாற்பது படங்களை எடுத்து வருகிறாள் என்று கொள்வோர், அவளது முதல் தொகுப்பில் என்ன இருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். மாலை வெயிலில் ஆப்ரா, காற்றுக்கோபுரம், அடுக்கிய பட்டுத்துணி, தொலைவில் புர்ஜ் கலீஃபா. எல்லாம் அழகாகவே இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்படங்கள் வீட்டுக் கூடத்தில் பாயின் மீது பரப்பப்படுகின்றன. முதலில் பேசுபவர் தாயாக இருக்கக்கூடும். “எல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா இதுல வாப்பா எங்கே?” என்ற ஒரே வினாவில் பாதித் தொகுப்பு சரிந்துவிடும். தந்தையுடன் முன்பு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் வேறொன்றைச் சுட்டிக்காட்டுவார். ஊர் செல்லும் இரவில் அட்டைப்பெட்டிக்கு மூட்டை கட்டுவதை அவள் எடுக்கவில்லை. பால் மாவு, கோடாலித் தைலம், அத்தர், சோப்பு ஆகியவற்றை எடையிட்டு, முப்பது கிலோவுக்கு மேல் போனால் எதை எடுப்பது என்று வாதிட்டு, பிளாஸ்திரி சுற்றிக் கயிறு கட்டி, நான்கு பக்கமும் பெயரும் ‘திருச்சி’ என்ற ஊரும் எழுதும் அந்த இரவுதான் வளைகுடா வாழ்வின் சாரம் என்பார். தம்பி ஒருவன், “நான் பொறந்தப்போ வாப்பா என்னை எப்போ முதல்ல பார்த்தாங்க?” என்று கேட்பான். எவரும் உடனே விடை கூறமாட்டார்கள். பின்னர் உள்ளறையிலிருந்து, குரல் பதிவு செய்து ஊருக்கு அனுப்பிய பழைய ஒலிநாடா ஒன்று வெளியே வரும். அதுவும் படமாக வேண்டும்.

சிக்கலும் எழும். பணி முடிந்து வந்த தந்தை, காலணியைக் கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே உறங்கிவிட்ட படம் தொகுப்பில் இருக்கிறது. மகளுக்கு அதுவே மிகச் சிறந்த படம். தந்தைக்கோ அது அவமானம். ஊரில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிறார். அவை இரண்டுபடுகிறது. இவ்விடத்தில் விதி தெளிவாக இருக்க வேண்டும்: தன் முகம் வெளியே செல்வதா என்பதை முடிவு செய்யும் உரிமை படத்தில் இருப்பவருக்கே உண்டு. அப்படம் விலக்கப்படும். அது இழப்புதான். ஆயினும் அப்படத்தின் முன் தந்தையும் மகளும் பேசிய அரைமணி நேரம் அதற்கு முன் அவ்வீட்டில் நிகழ்ந்திராத ஒன்றாக இருக்கக்கூடும். தன் களைப்பு மகள் கண்ணில் பட்டிருக்கிறது என்பதைத் தந்தை அறிகிறார். அதனை மறைக்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதை மகள் அறிகிறாள். அடுத்த மாதம் அவள் எடுக்கும் படங்கள் முன்போல் இரா.

எழக்கூடிய தடைகள்

கருத்துரை கேட்டால் குடும்பத்தார் எல்லாவற்றையும் மழுங்கடித்துவிடுவர் என்பது இளையோரின் அச்சம். அதில் நியாயம் உண்டு. கடன், தனிமை, தோல்வி ஆகியவை நீக்கப்பட்டால் மீண்டும் பழைய ஆல்பமே எஞ்சும். எனவே அவையின் பணி கருத்துரைப்பது, கட்டளையிடுவதன்று. தன் முகத்தின் மீதான உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆனால் பிறர் சொல்ல விரும்பும் உண்மையைத் தடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. கதையின் இறுதி வடிவம் படமெடுத்தவருடையதாகவே இருக்க வேண்டும்.

சட்டம் குறித்த கவனமும் இன்றியமையாதது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தின்படி, பிறரது தனியுரிமையை மீறி அவரது இசைவின்றிப் படமெடுப்பதும் பகிர்வதும் குற்றமாகும். குறைந்தது ஆறுமாதச் சிறையோ, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே தெருவில் அறியாதவரைப் படமெடுத்து வெளியிடும் பழக்கத்தை இளையோர் கைவிட வேண்டும். பொதுவிடத்தில் கண்காட்சி வைப்பதாயின் உரிய அனுமதியும் பெற வேண்டும். படத்தில் இருப்பவரை அவைக்கு அழைத்து அவர் இசைவைப் பெறும் முறை அறத்துக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் உகந்தது.

பிள்ளைகளுக்குப் படிப்பே தலைக்குமேல் உள்ளது என்று பெற்றோர் கூறலாம். மாதம் ஒரு மாலை என ஆறு மாதங்கள் போதும். தமிழில் பேசத் தயங்கும் பிள்ளை, தான் எடுத்த படத்தைப் பற்றிப் பாட்டியிடம் விளக்கும்போது தமிழைத் தேடிப் பிடித்துப் பேசும். அதைவிடச் சிறந்த மொழிப் பயிற்சி வேறில்லை.

செய்ய வேண்டுவன

முதலாவது, குழு சிறியதாக இருத்தல் வேண்டும். மூன்று அல்லது நான்கு குடும்பங்கள் போதும்; முதியோர் ஒருவரேனும் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, படங்களைக் கைப்பேசியில் காட்டாமல் சிறிய அளவில் அச்சிட்டுப் பரப்ப வேண்டும். அப்போதுதான் எல்லாரும் ஒரே நேரத்தில் காணவும், வரிசையை மாற்றி வைத்துப் பார்க்கவும் இயலும்.

மூன்றாவது, முதல் பத்து நிமிடம் படமெடுத்தவர் பேசலாகாது. விளக்கமின்றிப் படம் எதனைச் சொல்கிறது என்பது அப்போதே தெரியவரும். பிறகு மேற்கூறிய ஐந்து வினாக்களை ஒவ்வொன்றாகக் கேட்கலாம். ‘நன்றாக உள்ளது’, ‘நன்றாக இல்லை’ என்ற இரண்டு தீர்ப்புகளையும் அன்றைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

நான்காவது, எஞ்சியவற்றைக் காட்டிலும் விடுபட்டவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பட்டியலே அடுத்த மாதப் பணி.

ஐந்தாவது, நீக்குவதற்கு அஞ்சலாகாது. ராபர்ட் ஃபிராங்க் என்னும் கலைஞர் 1955-56ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா முழுதும் சுற்றி 767 படச்சுருள்களில் ஏறத்தாழ 27,000 படங்களை எடுத்தார். அவரது ‘அமெரிக்கர்கள்’ நூலில் இடம்பெற்றவை 83 மட்டுமே. நாற்பதைப் பதினைந்தாகக் குறைக்கப் பர் துபாய்ப் பிள்ளைகள் வருந்த வேண்டியதில்லை.

ஆறாவது, ஒவ்வொரு படத்துக்கும் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றுடன் இரண்டு வரிக் குறிப்பைத் தமிழில் எழுத வேண்டும். தமிழகத்தின் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் துணையோடு எண்ணிம வடிவில் காக்க முற்பட்டுள்ளது. ஒரு படத்தைக் காப்பது நிறுவனங்களால் இயலும். அதிலுள்ள முகத்தின் பெயரைக் காப்பது குடும்பத்தால் மட்டுமே இயலும்.

வளைகுடாவுக்கு முதலில் வந்த தலைமுறை இன்று பணி ஓய்வை நெருங்கியுள்ளது. பலர் ஊர் திரும்பிவிட்டனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தஞ்சையிலும் நிற்கின்றன. அப்பணம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதை அவ்வீட்டுச் சுவரில் மாட்டிய படங்கள் சொல்லவில்லை. அதனைச் சொல்லக் கூடியவர்கள் இன்னும் சில ஆண்டுகளே பர் துபாயில் இருப்பர்.

கேமரா பிள்ளையின் கையில் இருக்கிறது. நினைவு பெற்றோரிடம் இருக்கிறது. இரண்டும் ஒரு பாயில் அமர வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை மாலையே அதற்கு ஏற்ற நாள்.